விசா வேண்டாமென்று எழுதித் தரக் கேட்டவர்

இங்கிலாந்துக்குப் போக இனிமேல் விசா வேண்டும் என்று பத்திரிகையில் வந்த அன்று, மட்டாஞ்சேரியில் ஜிலேபி வாங்கிக் கொடுத்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. பிள்ளைகள் லண்டனில் இருக்கிற வீடுகளிலெல்லாம் அன்றைக்கு ஒரே புலம்பல். நான் வேலை பார்த்த டிராவல்ஸ் ஆபீசில் போன் ஓயவில்லை. அந்த அமளிக்கு நடுவே அவர் குஜராத்திக் கடைப் பொட்டலத்தோடு மரப்படி ஏறி வந்து, என் டைப்ரைட்டர் பக்கத்தில் அதைப் பிரித்து வைத்து, "இப்பத்தான் தங்கச்சி ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜிலேபியைத் தொடவில்லை. முதலாளி மட்டும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்று என்னிடம் கண்ணால் கேட்டார். என்ன ஆச்சு என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லப் போனால் அவர் மகள் கல்யாணத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நாங்கள் ஒரே சந்தில் குடியிருந்தவர்கள். இரண்டு குடும்பத்துக்கும் பூர்வீகம் தென்காசிப் பக்கம், பிழைப்பு கொச்சி. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், சண்டை என்றால் இரண்டும் கலந்து. சந்து முழுக்க அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். மலையாளிகளும் அண்ணாச்சி என்பார்கள், ஏதோ அதுதான் அவர் பெயர் என்பதுபோல. ஹார்பர் இருக்கிற ஐலண்டில் ஒரு கிளியரிங் கம்பெனியில் கிளார்க். கப்பலில் ஏறுகிற மிளகு, கப்பலிலிருந்து இறங்குகிற மிஷின், எதுவாக இருந்தாலும் கஸ்டம்ஸில் பேப்பர் காட்டி, சீல் வாங்கி, ஹார்பர் கேட்டைத் தாண்ட வைக்க வேண்டும். தலை நரைத்து ரிட்டையர் ஆகிறவரை அந்த ஒரே வேலைதான். அதில் அவர் கண்டுகொண்ட ஒரு பெரிய தத்துவம் இருந்தது. எங்கள் அப்பாவிடம் அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

"வரி உள்ள சரக்குக்கு ஒரு பேப்பர் போதும். வரி இல்லாத சரக்குக்குத்தான் மூணு பேப்பர். வரி இல்லைன்னு ஒருத்தன் எழுதணும், அது சரிதான்னு இன்னொருத்தன் எழுதணும், ரெண்டு பேரும் எழுதுனத நான் பாத்தேன்னு மூணாமத்தவன் எழுதணும்."

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அண்ணாச்சி இதை ஹார்பரோடு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தால் பரவாயில்லை. மனிதர் உலகத்தையே அப்படித்தான் பார்த்தார். வேண்டும் என்று யார் சொன்னாலும் உடனே நம்பிவிடுவார். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போச்சு, முகம் வெளுத்துவிடும். வேண்டாம் என்பதற்கு என்ன ஆதாரம், நாளைக்கு இன்னொருவன் வந்து வேண்டும் என்றால் யாரைக் கையைக் காட்டுவது என்று கேட்பார்.

எர்ணாகுளத்துக்குப் போகிற போட்டில் ஒரு முறை நானும் கூட இருந்தேன். அவர் மகள் அப்போது இடுப்பில் உட்காருகிற குழந்தை. கைக்குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம் என்று போட்டுக்காரர் சொன்னார். அண்ணாச்சி அரை டிக்கெட் தரச் சொன்னார். வேண்டாம் என்றார் அவர். அப்படியானால் வேண்டாம் என்று எழுதித் தரச் சொன்னார் அண்ணாச்சி. போட்டு அக்கரை போய்ச் சேருகிறவரை இந்தப் பேச்சுத்தான். கடைசியில் அந்த மனிதர் பொறுக்க முடியாமல் அரை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இன்னொரு தடவை காய்ச்சல். டாக்டர் பார்த்துவிட்டு இது சாதாரணம், மருந்து ஒன்றும் வேண்டாம், படுத்து ஓய்வெடுத்தால் போதும் என்றார். அண்ணாச்சி ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. வெளியே ஜனம் நிற்கிறது. டாக்டர் ஒரு சீட்டை எடுத்து "மருந்து தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார், மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. சீட்டு இல்லாவிட்டால் விட்டிருக்காது என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் மனைவியை நான் மதினி என்பேன். அவருக்கு நேர் எதிர். மதினிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும், கையெழுத்துப் போடுவாள், அவ்வளவுதான். ஆனால் எதற்கும் பயப்பட மாட்டாள். மீன்காரியோ, வீட்டு உரிமையாளரோ, கலெக்டரோ, எல்லாரிடமும் ஒரே குரலில்தான் பேசுவாள். அந்தக் குரலும் லேசுப்பட்டதல்ல, சந்தின் ஒரு முனையில் பேசினால் மறுமுனையில் பதில் சொல்லலாம்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுதான் இந்த வேண்டாம் வியாதி முற்றியது. பையன் எர்ணாகுளத்துத் தமிழ்க் குடும்பம், லண்டனில் ஒரு ஆஸ்பத்திரி லாபில் வேலை. பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்தது, வரதட்சணை எதுவும் வேண்டாம் என்றார்கள். வேறு எந்த அப்பனாக இருந்தாலும் அன்றைக்குத் தேங்காய் உடைத்திருப்பான். அண்ணாச்சிக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. பையனுக்கு என்ன குறை என்று எர்ணாகுளம் வரைக்கும் போய் விசாரித்தார். காக்காய் வலிப்பா, ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா, லண்டனில் இருப்பதே பொய்யா? ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதே அவருக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. கடைசியில் மதினிதான் சம்பந்தி அம்மாளைக் கூப்பிட்டு, ஒரு குத்துவிளக்காவது கேளுங்க, இல்லாட்டி இந்தக் கல்யாணம் நடக்காது என்று சொல்லி, அவர்கள் குத்துவிளக்கு கேட்டு, இவர் சந்தோஷமாக வாங்கிக் கொடுத்து, கல்யாணம் நடந்தது.

பெண் லண்டன் போனாள். முதலில் உண்டான குழந்தை தங்கவில்லை. மறுபடியும் உண்டாகி, இந்தத் தடவை டாக்டர்கள் நடக்கவே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஷிப்டு வேலை. பகலில் பாதி நாள் அந்தப் பெண் தனியாகக் கிடக்கிறாள், தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. எங்கள் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். அவளால் வர முடியாது என்றால் தாய்வீடுதான் எழுந்து போக வேண்டும். மதினி கடிதத்தைக் கேட்டு முடித்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு, நான் போறேன் என்றாள். இந்தப் பிள்ளையும் போய்விட்டால் என் மகள் பிழைக்க மாட்டாள் என்று என்னிடம் தனியாகச் சொல்லி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு பேருமாகப் போவது என்று முடிவாயிற்று. எர்ணாகுளத்தில் பாஸ்போர்ட் எடுத்தார்கள். அந்தக் காலத்துப் பாஸ்போர்ட்டில் எந்தெந்த நாட்டுக்குப் போகலாம் என்று எழுதியே கொடுப்பார்கள். அண்ணாச்சி அந்தப் பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு எங்கள் ஆபீசுக்கு வந்து, விசாவுக்கு என்னென்ன பேப்பர் வேண்டும் என்று பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்.

எங்கள் ஆபீஸ் பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே மூட்டை புரட்டினால் மேலே நாங்கள் தும்முவோம். நான் ஒரு தும்மலுக்கும் இன்னொரு தும்மலுக்கும் நடுவில் சொன்னேன், லண்டனுக்கு விசா வேண்டாம் அண்ணாச்சி என்று. அப்போது அப்படித்தான் சட்டம். காமன்வெல்த்துக்காரர்கள் ஊர் பார்க்க, உறவைப் பார்க்கப் போனால் விசா இல்லாமலே போய் இறங்கலாம்.

அண்ணாச்சி பேனாவை மூடினார்.

"ஒரு நாடு தங்கச்சி. அதுவும் நம்மள ஆண்ட நாடு. யாரு எவருன்னு கேக்காம உள்ள விடுவானா?"

"கேப்பான் அண்ணாச்சி. அங்க போய் எறங்குன பெறகு கேப்பான்."

"அவன் வேண்டாம்னுட்டா?"

"திருப்பி அனுப்பிருவான்."

"அப்ப விசா வேணும்னுதான அர்த்தம்?"

வேண்டாம் அண்ணாச்சி என்றேன். சொல்லும்போதே எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. முதலாளியிடம் விமானக் கம்பெனிகள் அனுப்புகிற ஒரு தடிப் புத்தகம் உண்டு. எந்த நாட்டுக்காரன் எந்த நாட்டுக்குப் போக என்ன வேண்டும் என்று அதில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். எடுத்துப் படித்தேன். விசா தேவையில்லை என்று ஒரு வரி. அதன் கீழே "ஆனால்" என்று ஆரம்பித்து அரைப் பக்கம். திரும்பி வர டிக்கெட் இருக்க வேண்டும், போகிற இடத்தில் தங்கவும் சாப்பிடவும் வழி இருக்க வேண்டும், வேலை தேட வந்தவர் இல்லை என்று தோன்ற வேண்டும், போன காரியம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார் என்று அங்கே மேஜைக்குப் பின்னால் நிற்கிற ஆபீசருக்கு நம்பிக்கை வர வேண்டும். நம்பிக்கை வராவிட்டால் விசா தேவையில்லாத அதே ஆளை அடுத்த பிளேனில் ஏற்றிவிடலாம். படித்து முடித்ததும் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விசா வேண்டாம் என்பது வேறு, உள்ளே விடுவார்கள் என்பது வேறு. இதை நான் நிதானமாகப் பிரித்துப் புரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆயிற்று. அண்ணாச்சிக்கு எப்படி விளக்குவது?

அவர் ஊரெல்லாம் கேட்க ஆரம்பித்தார். துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர், ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தருகிற என்ஓசி இல்லாமல் வெளிநாட்டில் டாக்ஸியில்கூட ஏற முடியாது என்றார். கப்பலில் வேலை பார்த்தவர் ஒருவர், எனக்கு எந்த ஊரிலும் யாரும் விசா கேட்டதில்லை, ஒரு அட்டையைக் காட்டிவிட்டு இறங்கிப் போவேன் என்றார். யூதர் தெருவான ஜூ டவுனில் பழைய சாமான் கடை வைத்திருந்தவர், சிங்கப்பூருக்குப் பதினாலு நாள் சும்மா போகலாம், லண்டன் பற்றித் தெரியாது என்றார். இன்னொருவர் நேபாளத்துக்குப் பாஸ்போர்ட்டே வேண்டாம் என்றார். ஒவ்வொருவர் சொன்னதையும் அண்ணாச்சி என்னிடம் வந்து ஒப்பிப்பார். அப்படியானால் மகளை நேபாளத்துக்கு வரச் சொல்லி அங்கே பெத்துக்கச் சொல்லுங்க என்றாள் மதினி. அதற்கும் அவர் ஒரு நிமிஷம் யோசித்தார் என்பதை நான் சத்தியமாகச் சொல்கிறேன்.

பிறகுதான் அவருக்கு அந்த விபரீத யோசனை வந்தது. மதராஸில் அந்த நாட்டு ஆபீஸ் இருக்கிறது. நேரே அங்கே போய், இன்னாருக்கு விசா தேவையில்லை என்று எழுதி ஒரு சீல் வாங்கிவிட்டால் தீர்ந்தது. வரி இல்லாத சரக்குக்கு வாங்குகிற மாதிரி. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். அங்கே அப்படி ஒரு பேப்பர் கிடையாது சேட்டா, கேட்கப் போனால் முன்கூட்டியே அனுமதி கேட்டு விண்ணப்பம் போடச் சொல்வார்கள், விண்ணப்பம் போட்டால் விசாரிப்பார்கள், விசாரித்தால் மறுக்கவும் மறுப்பார்கள், போகாமல் இருந்தால் ஒரு வம்பும் இல்லை என்று மலையாளத்திலும் தமிழிலும் சொல்லிப் பார்த்தார். அண்ணாச்சி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டு, மதராஸ் மெயிலுக்கு டிக்கெட் எடுத்தார்.

அன்று சாயங்காலம் மதினி எங்கள் வீட்டுக்கு வந்து, இடுப்பிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்து என் கையில் வைத்தாள். உள்ளே அவள் பாஸ்போர்ட்.

"இத உன் ஆபீஸ் டிராயர்ல வச்சுப் பூட்டு பிள்ள. அவுக கேட்டா நீ பாக்கல. சும்மா கிடந்த சங்க ஊதிக் கெடுக்கப் போறாரு. அவரோடத ஊதட்டும், என்னோடது இங்க கெடக்கட்டும்."

வீட்டில் பெரிய தேடல் நடந்தது. அரிசிப் பானை, பீரோ, சாமி படத்துக்குப் பின்னால், ஒரு இடம் பாக்கியில்லை. மதினியும் கூடவே தேடினாள். அவரைவிட மும்முரமாகத் தேடினாள், நடுவில் பாஸ்போர்ட்டை எங்கேயாவது போட்டுவிட்டீர்களா என்று அவரையே திட்டினாள். என்னிடமும் கேட்டார். நான் கண்ணைச் சிமிட்டாமல் பார்க்கவில்லை என்றேன். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு வருத்தமும் இல்லை. ரயில் நேரமாகிவிட்டது. தன் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டி நிறைய பேப்பரோடு கிளம்பினார்.

மதராஸில் நடந்ததை அவரே பிறகு வந்து சொன்னார். வந்த காரியம் என்ன என்று ஆபீசர் கேட்டிருக்கிறார். எனக்கு விசா வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். அவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டு, அனுமதிக்கு விண்ணப்பம் போடுகிறீர்களா என்றிருக்கிறார். பேப்பர் என்றதும் இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. போட்டார். விசாரணை ஆரம்பித்தது. வேலை? ரிட்டையர் ஆகிவிட்டேன். பிள்ளைகள்? ஒரே மகள், லண்டனில். இங்கே வேறு யார் இருக்கிறார்கள்? மனைவி, அவளும் என்னோடு வருகிறாள். சொந்த வீடு? வாடகை வீடு. எல்லாவற்றுக்கும் பேப்பர் எடுத்துக் காட்டியிருக்கிறார், மகள் கல்யாணப் பத்திரிகை உட்பட. எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கடைசியாகக் கேட்டிருக்கிறார்கள். நாற்பது நாள், ஐம்பது நாள் என்று ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"நீங்க எத்தன நாளுக்கு எழுதித் தாறீங்களோ, அத்தன நாளும் இருப்பேன்னேன். மரியாதையாத்தான் தங்கச்சி சொன்னேன்."

ஹார்பரில் அது மரியாதையான பதில்தான். சரக்கு எத்தனை நாள் ஷெட்டில் இருக்கலாம் என்பதைக் கிளார்க்கா சொல்வான், எழுதித் தருகிறவர்தான் சொல்வார். மதராஸில் அது, விட்டால் ஒருநாளும் திரும்பி வர மாட்டான் என்று காதில் விழுந்திருக்கிறது. மறுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் விண்ணப்பம் வாங்கியதற்கு ஒரு சின்ன சீல் மட்டும் இருந்தது. அந்த சீல் இருந்து அனுமதி இல்லை என்றால் என்ன பொருள் என்று எந்த ஆபீசருக்கும் தெரியும் என்று முதலாளி சொன்னார். இனி இவர் விசா இல்லாமல் போய் இறங்கினால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்து, கேஸ் ஜெயித்தவர் மாதிரி விரலை நீட்டினார்.

"பாத்தியா? விசா வேணும்னு நான் சொன்னம்லா?"

"நீங்க போய்க் கேட்டதாலதான் அண்ணாச்சி இல்லைன்னாங்க. கேக்காம இருந்தா வேண்டாம்."

"இல்லைன்னு சொல்றதுக்கு அவனுக்கு அதிகாரம் இருக்குல்லா? அப்ப வேணும்னுதான அர்த்தம்?"

நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடிய ஒன்றை, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் அன்றைக்கு எனக்கு அவரை உலுக்க வேண்டும் போல இருந்தது. அங்கே அந்தப் பெண் படுத்த படுக்கையாக, மாதம் நெருங்கிக்கொண்டிருக்கிறது, இவர் இங்கே வாதத்தில் ஜெயித்துக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அந்த ஜெயித்த முகம் தானாகவே விழுந்தது. மகள் பெயரைச் சொல்லி, அவளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று கேட்டார்.

மதினி மறுநாள் காலையில் அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டாள். டிராயரைத் திற என்றாள். திறந்தேன். அண்ணாச்சி அந்தப் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மதினி ஒரு ஆளுக்கு டிக்கெட் போடச் சொன்னாள்.

முதலாளி ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். போகலாம், சட்டத்தில் தடை இல்லை. ஆனால் இங்கிலீஷ் தெரியாத ஒரு ஸ்திரீ தனியாகப் போய் அந்த மேஜைக்கு முன்னால் நிற்க வேண்டும். ஆபீசருக்குச் சந்தேகம் வந்தால் மகள் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்ப வேண்டியதுதான், டிக்கெட் பணமும் போச்சு, அந்தப் பெண்ணின் மனசும் போச்சு. மதினி கேட்டுக்கொண்டாள். சரி, டிக்கெட்டப் போடுங்க என்றாள். போக வர இரண்டுக்கும் சேர்த்துப் போட்டோம். மாப்பிள்ளையிடமிருந்து, என் மாமியார் என்னோடு தங்குவார், செலவு என் பொறுப்பு என்று ஒரு கடிதம் வரவழைத்தோம். வீட்டு விலாசத்தைப் பெரிய எழுத்தில் டைப் அடித்துக் கொடுத்தேன். மற்றபடி எத்தனை நாள், எதற்கு, எப்படி என்று பதில்களைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தபோது, போ பிள்ள, என் மக வீட்டுக்குப் போறதுக்கு நான் என்ன பரீட்சையா எழுதப் போறேன் என்றுவிட்டாள்.

அப்போது ஏர்போர்ட்டும் ஐலண்டில்தான், விமானம் ஏற்றிவிட அங்கே போனோம். அங்கே எனக்கு இருந்த ஒரே கவலை அண்ணாச்சியின் வாய்தான். கவுண்டரில் இருந்த பையன் மதினியின் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து ஒன்றும் கேட்காமல் பெட்டிக்குச் சீட்டு ஒட்டினான். ஒன்றும் கேட்கவில்லையே என்பதுதான் அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை. முன்னால் போய், "விசா வேண்டல்லோ, அல்லே?" என்று மலையாளத்தில், விசா வேண்டாம்தானே என்று உறுதி கேட்க ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே சாயாக் கடைக்கு வந்துவிட்டேன். வாழ்க்கையில் ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு இருங்க அண்ணாச்சி என்று கத்தினேன். வயதில் மூத்தவரை அப்படிச் சொன்னது அதுவே முதலும் கடைசியும். அவர் கோபிக்கவில்லை. சாயா கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மதினி தோளில் பையை மாட்டிக்கொண்டு நடப்பதையே பார்த்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

லண்டனிலிருந்து எங்கள் ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டுச் சொல்வதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். மறுநாள் நான் ஆபீஸ் பூட்டைத் திறக்கும்போதே அண்ணாச்சி படியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார், ஆமா என்றா இல்லை என்றா தெரியவில்லை. யாராவது போன் செய்தால் நாங்கள் அவசர அவசரமாகப் பேசிவிட்டு வைத்தோம். பிளேன் இறங்கி எத்தனையோ நேரம் ஆகியிருக்கும். போன் வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை. அவர் எதையும் கேட்காமல் உட்கார்ந்திருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மத்தியானம் கழிந்து மணி அடித்தது. வெளிநாட்டு லைன் என்பது அந்த இரைச்சலிலேயே தெரிந்தது. ரிசீவரை அவர் கையில் கொடுத்தேன். லண்டனிலிருந்து பேசுகிறோம் என்று மதினிக்குத் தெரியும், அதனால் லண்டனிலிருந்து பேசுகிற அளவுக்குக் கத்தினாள். அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று, மகள் நன்றாக இருக்கிறாள், கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசுகிறேன் என்றாள். அண்ணாச்சி அதைக் காதில் வாங்கியும் வாங்காமலும், என்ன கேட்டாங்க, என்ன கேட்டாங்க என்றார்.

தமிழ் தெரிந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு வந்து கேட்கச் சொன்னார்களாம். எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்டார்களாம், பிள்ளை பிறந்து நாற்பது கழிகிறவரை என்றாளாம். அதற்கப்புறமும் மகள் வீட்டிலேயே இருந்துவிட மாட்டாய் என்பதற்கு என்ன நிச்சயம் என்று கேட்டிருக்கிறார்கள்.

அண்ணாச்சி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தார். "நீ என்ன காட்டுன?"

"என்னத்தக் காட்ட? அங்க என் வீட்டுக்காரர் தனியா இருக்காரு, அவருக்கு ஒரு சாயா போட்டுக் குடிக்கத் தெரியாது, நான் இல்லாட்டா பட்டினிதான் கெடப்பாரு, அவர விட்டுட்டு நான் இங்க இருந்துருவனான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு அத இங்கிலீஷுல சொன்னா. ஆபீசர் சிரிச்சுட்டு சீல் அடிச்சுட்டாரு. நீங்க ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

லைன் கட்டாகிவிட்டது. மூன்று நிமிஷத்துக்குத்தான் மாப்பிள்ளை போட்டிருந்தார் போல. இரண்டு பேருமாக வீட்டைப் பூட்டிக்கொண்டு போய் அந்த மேஜைக்கு முன்னால் நின்றிருந்தால் மதினி என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதலாளிக்கும் உறைத்திருக்க வேண்டும், அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். அண்ணாச்சி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. எங்கள் எல்லார் முன்னாலும் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது.

"என்னயத்தான் காட்டியிருக்கா தங்கச்சி" என்றார்.